ஹெல்மெட்டுக்குள் அண்ணி

ஜூன் 2, திங்கள்

தொண்டை டாக்டர் சொன்னதால்தான் இந்த டைரி. "ஒரு மாசம் பேச்சைக் குறைங்க. மனசுல இருக்கறதைக் கொட்டணும்னா ஒரு நோட்டுல கொட்டுங்க" என்றார். என் வீட்டுக்காரருடைய ஆபீஸில் வருடா வருடம் கொடுக்கும் டைரியில் ஒன்று சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன். வீட்டில் பல்வலி என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. குரல் நாணில் ஏதோ சின்னத் தடிப்பாம். சாலிகிராமத்துத் தூசியில் யாருக்குத்தான் தடிக்காது. இருபது வருடமாகக் குரல் கொடுக்கிறேன். "உளவுராணி" படம் இரண்டு பாகத்திலும் நீனா என்கிற அந்த வெள்ளைக்காரப் பெண் தமிழில் பேசியது என் குரலில்தான். பஸ்ஸில் "இந்தாப்பா, ஒரு வடபழனி" என்று நான் டிக்கெட் கேட்டதும் திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு.

மூன்றாம் பாகம் வருகிறதாம். இந்த முறை நீனா விண்வெளிக்குப் போகிறாளாம். ஜெரால்ட் சார் எந்த நேரமும் கூப்பிடுவார்.

ஜூன் 4, புதன்

ஜெரால்ட் சார் கூப்பிட்டார். தமிழ் வசனம் எழுதுவதும் அவர்தான், டப்பிங்கை நடத்துவதும் அவர்தான். முழுக் கதையையும் போனிலேயே சொன்னார். மேடம் ஸ்டெல்லா என்று ஒரு வில்லி. உலகத்துத் தலைவர்களின் ரகசியங்களை எல்லாம் ஓர் ஊறுகாய் ஜாடி அளவுப் பெட்டியில் பூட்டி, விண்வெளி நிலையத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறாள். நீனா சமையல்காரி வேஷத்தில் ராக்கெட் ஏறுகிறாள். கூடவே புருனோ என்று ஒரு தடியன், புவியீர்ப்பு போனதும் வாந்தி எடுத்துக்கொண்டே சண்டை போடுகிறான். "பேர் 'நிலாவில் நீனா'ன்னு வெச்சிருக்கேன், எப்படிம்மா?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது.

"வெள்ளிக்கிழமை வந்து சும்மா ஒரு டெஸ்ட் கொடுத்துடுங்க. கம்பெனியில கேக்கறாங்க" என்றார். எனக்கே டெஸ்டா? கொடுத்துவிட்டால் போகிறது.

கூட்டக் குரலுக்கு ஆள் வேண்டுமாம். வசுவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வசுமதி என் நாத்தனார். புருஷனோடு ஒத்துவராமல் ஓசூரிலிருந்து வந்து இரண்டு வருடமாக எங்கள் மாடி அறையில் இருக்கிறாள். நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். சும்மா இருக்கிறாளே, நாலு பேர் முகத்தைப் பார்க்கட்டும் என்று நான்தான் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய், கும்பலோடு கும்பலாக "ஐயோ, ஓடுங்க" கத்த விட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

மைக் சரியில்லை.

நீனா ராக்கெட் கிளம்பும்போது வீல் என்று ஒரு கத்தல் கத்தி, அதே மூச்சில் "பாட்டியம்மா பஜ்ஜி சுடற சட்டி மாதிரி ஆடுதே" என்று சொல்ல வேண்டும். கத்தலில் குரல் பிசிறியது. இரண்டாம் டேக்கில் உடைந்தது. மூன்றாவதில் காற்றுதான் வந்தது. மைக்கை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். அதுவும் சரியில்லாத மைக்தான்.

ஜெரால்ட் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு என்னவோ எழுதினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்த வசுவைப் பார்த்து, "நீங்க இதைக் கொஞ்சம் படிங்கம்மா, மைக் லெவல் பாக்கலாம்" என்றார்.

லெவல் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே டேக்.

வெளியே வந்ததும் வசு, "அண்ணி, நான் சும்மா நீங்க பேசற மாதிரியே பேசிப் பாத்தேன்" என்றாள். அவ்வளவு சுலபமாக்கும்.

ஜூன் 7, சனி

எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை.

ஜூன் 9, திங்கள்

போன் எனக்கு வரவில்லை. மாடிக்குப் போயிருக்கிறது.

அவளே படியிறங்கி வந்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "நீனாவுக்கு என்னையப் பேசச் சொல்றாங்க அண்ணி. வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"எதுக்கு வேண்டாங்கணும்? நல்லா செய்" என்றேன். வாய் சொன்னது. கையில் இருந்த வெண்டைக்காயை எவ்வளவு பொடியாக நறுக்கியிருக்கிறேன் என்று அப்புறம்தான் பார்த்தேன். பொரியலுக்கு ஆகாது, பச்சடிக்குத்தான் ஆகும்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை தெரியும். அந்தப் பிடாரிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்து வாசல் வரை கொண்டுபோய் விட்ட ஊர்ப் பிடாரி நான் ஒருத்திதான் இருப்பேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

இவர் சாயங்காலம் அரைக் கிலோ பாதுஷா வாங்கி வந்தார். "எங்க வீட்டுல ரெண்டு பேரும் ஆர்ட்டிஸ்ட் ஆயிட்டீங்க சுபா" என்று பல்லைக் காட்டினார். நான் முதல் தடவை நீனாவுக்குப் பேசியபோது வாங்கி வந்தது கால் கிலோ.

எனக்கும் வேஷம் உண்டு. விண்வெளி நிலையத்தின் கம்ப்யூட்டர். "எச்சரிக்கை. மூன்றாம் கதவு திறக்கிறது." பதினான்கு வரி. உணர்ச்சியே இருக்கக் கூடாதாம்.

ஜூன் 12, வியாழன்

ஸ்டூடியோவில் டீ முதலில் அவளுக்கு வந்தது. என்னுடைய உயரமான ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். அதன் கால் ஒன்று குட்டை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் விழவில்லை.

இந்த வேலையில் எல்லாமே உதடுதான். திரையில் அந்த நடிகை உதட்டை மூடினால் நமக்கும் ப, ம, வ என்று ஏதாவது வர வேண்டும். திறந்த வாயில் 'ப' சொன்னாலோ மூடிய வாயில் 'க' சொன்னாலோ பார்க்கிறவனுக்குப் பல்லில் கல் கடிபடும். ஒட்டினால் "உக்காருது" என்போம், ஒட்டாவிட்டால் "நழுவுது" என்போம். ஓரிடத்தில் ஜெரால்ட் சார் "கொன்னுடு" என்று எழுதியிருந்தார். நீனாவின் உதடு அங்கே நன்றாக மூடுகிறது. அவர் தலையைச் சொறிய, இந்த அம்மாள் மெதுவாக, "சார், 'முடிச்சுடு' வெச்சா உக்காருமா?" என்றாள்.

உட்கார்ந்தது. கை தட்டினார்கள். எனக்கும் அதுதான் தோன்றியது. ஒரு நொடி முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டேன். அவள் சிரிக்கும்போது 'ஹி'யில் ஆரம்பித்து 'ஹா'வில் முடிக்கிறாள். அந்தச் சிரிப்பு என்னுடையது. முதல் பாகத்தில் நான் யோசித்து யோசித்துப் போட்ட சிரிப்பு.

ஜூன் 14, சனி

பக்கத்து வீட்டு அம்மா வசுவிடம், "நீங்க சினிமாவுல பேசறீங்களாமே" என்று கேட்டாள். பதினோரு வருடமாக என் பக்கத்து வீடு. என்னிடம் இதுவரை தண்ணீர் லாரி எப்போது வரும் என்றுதான் கேட்டிருக்கிறாள்.

வசு இன்று சாம்பார் வைத்தாள். உப்பு கூடிப்போயிற்று. இவர் "பரவால்லம்மா" என்று சாப்பிட்டார். உப்பு கூடியதில் எனக்கு ஒரு நிம்மதி. எழுதிவிட்டேன், அடிக்க மனசில்லை.

ஜூன் 17, செவ்வாய்

நல்ல வெயில். ஸ்டூடியோவிலிருந்து நடந்து வரும்போது வசுவுக்கு நா வறண்டுபோயிற்று. முனையில் ஜூஸ் கடை. ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு முன்பு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் வாங்கிக் கொடுத்தேன். நல்லது செய்தாலும் குற்றம் என்றால் எப்படி.

பெரிய கிளாஸ். ஒன்று குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள்.

டப்பிங் சமயத்தில் ஐஸ் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நான் வெந்நீர்ப் பாட்டில் இல்லாமல் படி இறங்க மாட்டேன். அவள் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை.

ஜூன் 19, வியாழன்

வசுவுக்குக் காய்ச்சல். தொண்டை கட்டி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

ஊரெல்லாம் காய்ச்சல். எதிர் வீட்டில் மூன்று பேருக்கு. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இரண்டு கிளாஸ் ரோஸ் மில்க்குக்கு இவ்வளவு காய்ச்சல் வராது. இவரிடமும் அதைத்தான் சொன்னேன். "நான் ஒண்ணுமே கேக்கலையே சுபா" என்றார்.

மிளகு ரசம் வைத்து மாடிக்குக் கொண்டுபோனேன். எழுந்து உட்கார்ந்து, "உங்களுக்குத்தான் எவ்ளோ சிரமம் அண்ணி" என்று கிசுகிசுத்தாள். டம்ளரை வைத்துவிட்டு உடனே இறங்கிவிட்டேன். பால் அடுப்பில் இருந்தது.

பால் அடுப்பில் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

ஜெரால்ட் சார் போன். எனக்கு.

படத்தில் முக்கால்வாசி முடிந்துவிட்டதாம். பாக்கி இருப்பது கடைசி இரண்டு ரீல். நீனா விண்வெளி உடை போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வெளியே மிதக்கிற சண்டை. திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும், வசுவோ படுக்கையில்.

"ஹெல்மெட்டும்மா. முன்னாடி தங்கக் கலர் கண்ணாடி. வாயே தெரியாது. லிப் பாக்க வேண்டிய கவலையே இல்ல. யார் வேணா பேசலாம், ஆனா..." என்று இழுத்தார்.

"ஆனா?"

"வசுமதி குரல்ல இருக்கணும். நீங்க தினமும் கேக்கறீங்க. உங்களால முடியும்."

இந்த மனுஷனுக்கு வாய்க்குக் கொழுப்பு. என் நாற்காலியில் ஒருத்தியை உட்கார வைத்துவிட்டு, இப்போது அவளை மாதிரி நடந்து காட்டு என்கிறார். போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வசுவுக்குத் தெரியக் கூடாது. வேறு யாரோ ஒரு பெண் பேசினாள் என்று சொல்லிவிட வேண்டும். பாவம், தன் வேஷத்தை இன்னொருத்தி பேசினால் அவள் மனது கஷ்டப்படாதா. அதற்காகத்தான்.

ஜூன் 21, சனி

டாக்டரிடம் போக வேண்டிய நாள். போகவில்லை. காலை எட்டு மணிக்கு ஸ்டூடியோ.

வெந்நீர், தேன், சித்தரத்தைத் துண்டு. குரலை எடுத்தேன். வசுவின் குரல் மூக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். வாக்கியத்தின் கடைசியை லேசாகத் தூக்குவாள், அனுமதி கேட்கிற மாதிரி. கண்ணை மூடி, அவள் மாடிப் படியில் நின்று பேசுவதை நினைத்துக்கொண்டேன். வந்துவிட்டது. ஜெரால்ட் சார் ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

மூன்று மணி நேரம். கத்தல், மூச்சு, பிராணவாயு தீர்கிற முனகல் எல்லாம். நடுவில் இரண்டு தரம் வாயில் ரத்த வாடை அடித்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், இந்த வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு காலைப்பொழுதும் இருந்ததில்லை. அவள் குரலில் இருந்தேன், ஆனால் வேலை என்னுடையது.

கடைசிக் கட்டத்தில் வில்லி ஸ்டெல்லா கயிறு அறுந்து இருட்டுக்குள் மிதந்து போகிறாள். நீனா எட்டி அவள் கையைப் பிடிக்கிறாள். ஜெரால்ட் சாருக்கு அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன், வெளியே போய்விட்டார். "வாய் தெரியலம்மா, பாத்து நீங்களே ரொப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சவுண்டுப் பையன் பட்டனை அமுக்கினான். நான் ரொப்பினேன். ஒரே டேக்.

என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. நன்றாக வந்தது.

ஜூன் 23, திங்கள்

குரல் இல்லை. "அ" என்றால் காற்று வருகிறது.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பண்ணீங்க?" என்றார். தடித்த இடத்தில் ரத்தம் கட்டியிருக்கிறதாம். பத்து நாள் மருந்து, அப்புறம் சின்ன ஆபரேஷன், அதன் பிறகு இரண்டு வாரம் முழு மௌனம். "பழைய குரல் வருமா?" என்று எழுதிக் காட்டினேன். "குரல் வரும்" என்றார். கேட்டதற்குப் பதில் அது இல்லை.

வீட்டில், வசுவிடமிருந்து எனக்குத் தொற்றிவிட்டது என்று எழுதிக் காட்டினேன். வசுவுக்குக் குரல் திரும்பிவிட்டது. "என்னாலதான் அண்ணி" என்று வருந்தினாள்.

ஜூலை 4, வெள்ளி

படம் வெளியானது. மூன்று பேரும் போனோம். இப்போது எனக்குக் கரகரவென்று கிசுகிசுக்க மட்டும் வருகிறது.

படம் நல்ல கூத்து. புருனோ வாந்தி எடுத்ததும் அது உருண்டை உருண்டையாக மிதக்க, தியேட்டரே "ஐயே" என்றது. வசு நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். இந்த வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

கடைசிக் காட்சி. தங்கக் கண்ணாடி ஹெல்மெட். எங்கு பார்த்தாலும் இருட்டு, கீழே பூமி. ஸ்டெல்லா கை நழுவிப் போகிறாள். நீனா பாய்ந்து பிடிக்கிறாள். படத்தில் மற்ற ஒலியெல்லாம் நின்றுவிடுகிறது, விண்வெளியில் சத்தம் கேட்காதல்லவா. அந்த அமைதியில் கணீரென்று வசுவின் குரல்:

"கையை விடாதீங்க அண்ணி, நான் பிடிச்சுக்கறேன்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. விசில். "அண்ணியாம்டா" என்று பின்னாலிருந்து ஒருவன். நீனாவுக்கும் ஸ்டெல்லாவுக்கும் என்ன உறவு என்று இவர் என்னிடம் கேட்டார்.

தவளை தன் வாயால் கெடும். வசுவின் குரலுக்குள் புகுந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது தானாக ஒரு 'அண்ணி'யைக் கூட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு வருடமாக அந்தக் குரலை நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். வாய் தெரிந்திருந்தால் உதடு காட்டிக்கொடுத்திருக்கும். ஹெல்மெட் மறைத்துவிட்டது, அவசரத்தில் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

வசு சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். "நீனா: வசுமதி" என்று பெயர் ஓடியது. என் பெயர் கம்ப்யூட்டருக்கு நேராக.

ஜூலை 5, சனி

அந்த ஒரு துண்டுதான் எல்லார் போனிலும். யாரோ அதற்குத் தவில் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா என் போனுக்கே அனுப்பி, "உங்க நாத்தனார் கலக்கிட்டாங்க" என்று போட்டிருக்கிறாள். ஜெரால்ட் சார் வசுவைக் கூப்பிட்டு, கம்பெனியில் முதலில் கத்தினார்கள், இப்போது கொண்டாடுகிறார்கள் என்றாராம். எஃப்எம் ரேடியோவிலிருந்து பேட்டிக்கு அழைப்பு. வசுவுக்கு.

முழுப் படத்தில் ஊர் பேசுகிற ஒரே வரி நான் பேசியது. வயிறு பற்றி எரிகிறது. பொறாமை இல்லை என்று எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். டைரிக்கும் பொய் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்தாள்.

"ஹெல்மெட் ரீல் பேசின பொண்ணு யாரு அண்ணி?"

அடுத்த துணிக்குக் கிளிப் போட்டேன்.

"'அண்ணி'ன்னு அப்படிக் கூப்பிடறது உலகத்துலயே நான் ஒருத்திதான். அதை அப்படிக் கேக்கறதும் ஒருத்திதான்."

தலையை ஆட்டினேன். நான்தான். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது, கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றே நினைத்தேன். அப்புறம் அது அடங்கிவிட்டது.

"நேத்து அந்த ஜூஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர், 'உடம்பு தேவலையாம்மா, அன்னிக்கு உங்க அண்ணிதான் ஐஸை நல்லா அள்ளிப் போடுங்க, பாப்பாவுக்குப் பிடிக்கும்னாங்க'ன்னு சொன்னாரு. எனக்கு ஐஸே பிடிக்காதே அண்ணி. நீங்க வாங்கிக் குடுத்தீங்களேன்னுதான் ரெண்டாவதும் குடிச்சேன்."

அந்த வரியை நான் 17ஆம் தேதியில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஆமாம், சொன்னேன்.

"கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனே. அன்னிக்கே படியில நின்னு கேட்டேனே" என்றாள். வாளியில் பாதித் துணி இருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 7, திங்கள்

வசு பேசவில்லை. என்னால் பேச முடியவில்லை. இவர் அலமாரியில் தொண்டை டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டார். நடு ஹாலில் நின்றுகொண்டு, "இந்த வீட்டுல யாருக்காவது யார்கிட்டயாவது உண்மை சொல்ற பழக்கம் இருக்கா?" என்று கேட்டார்.

ஜூலை 9, புதன்

ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்தபோது வசு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையணையைச் சரி செய்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. நர்ஸ் வந்து, "ஒரு வார்த்தை பேசக் கூடாது, முனகக்கூடக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "நீங்களும் பேச்சுக் குடுக்காதீங்கம்மா" என்றாள் அவளிடம். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று வசுவுக்கு ரேடியோ பேட்டி, பதினோரு மணிக்கு, நேரடி ஒலிபரப்பு. இவர் ஆபீஸ் போய்விட்டார். கேட்கக் கூடாது என்று இருந்தேன். பத்து ஐம்பத்தெட்டுக்கு ரேடியோவைப் போட்டேன்.

அந்த அறிவிப்பாளர்ப் பையன் மூச்சு விடாமல் பேசுகிறான். நீனா எப்படி, ஸ்டெல்லா எப்படி, நிலாவுக்குப் போனால் என்ன சாப்பிடுவீர்கள். கடைசியில், "நம்ம ஊரே கேக்கற கேள்வி. விண்வெளியில அண்ணி எப்படிங்க வந்தாங்க?"

"அதை நான் பேசலைங்க" என்றாள் வசு. "எனக்கு உடம்பு சரியில்லாம போச்சு. அந்த ரெண்டு ரீலும் எங்க அண்ணி பேசினது, சுபத்ரா. முதல் ரெண்டு பாகத்துல நீனாவும் அவங்கதான். இதுல என் குரல்ல பேசினாங்க. யாருக்குமே வித்தியாசம் தெரியல பாருங்க. அவங்க வேலை அப்படி."

உடம்பு சரியில்லாமல் போயிற்று என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பையன் விடுவானா. "அப்போ அண்ணியை லைன்ல பிடிச்சுடுவோம். நீங்க எழுதிக் குடுத்த வீட்டு நம்பர் நம்மகிட்ட இருக்கு" என்றான். வசு "இல்லைங்க, அவங்களுக்கு..." என்று ஆரம்பிப்பதற்குள் என் போன் அடித்தது. கை தானாக எடுத்துவிட்டது.

"ஹலோ, அண்ணி! வணக்கம்! ஊரே உங்க குரலைக் கேக்கக் காத்துட்டிருக்கு!"

இருபது வருடமாக ஒருவராவது இப்படிக் கூப்பிடமாட்டார்களா என்று இருந்தேன். கூப்பிடுகிறார்கள். வாயைத் திறந்தேன், நர்ஸ் முகம் வந்தது, மூடிக்கொண்டேன். "ஹலோ... அண்ணி, இருக்கீங்களா?" என்றான் மறுபடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது நான் பேசினேன்.

"வணக்கம், சுபத்ரா பேசறேன்" என்று போனில் என் குரல் கேட்டது. கொஞ்சம் பின்தங்கி ரேடியோவிலும் கேட்டது. பிசிறில்லாத, அடைப்பில்லாத குரல். முதல் பாகத்தில் இருந்த சுபத்ரா. வாக்கியத்துக்கு முன்னால் லேசாகத் தொண்டையைச் செருமுவது முதற்கொண்டு இருந்தது. அந்தப் பையன் எதிரே உட்கார்ந்து வாய் பிளந்துகொண்டு வசுவைப் பார்த்திருப்பான். ஆனாலும் கெட்டிக்காரன், ஒத்து ஊதினான்.

"அண்ணி, உங்க நாத்தனார் எப்படி?"

"வேலையில சுத்தம். சாம்பார்ல உப்பு கொஞ்சம் கூட."

"அவங்களுக்கு ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

"சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு" என்றது என் குரல். "அதை ரேடியோல சொல்ல மாட்டேன். அவ வீட்டுக்கு வரட்டும், நேர்ல சொல்லிக்கறேன்."

போனை வைத்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரல் எனக்கு இனி வருமா தெரியாது. அது அவளிடம் பத்திரமாக இருக்கிறது. இதற்கு நிம்மதிப்படுவதா, இன்னும் எரிவதா என்று தெரியவில்லை. இரண்டும்தான் இருந்தது. அரை மணி கழித்து இஸ்திரித் துணி கொண்டுவந்தவர், "இப்பதான் ரேடியோல கேட்டேன்மா, தங்கமான குரல்" என்றார். தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் எதிரில் வந்து நின்றாள்.

"சொல்லுங்க அண்ணி."

பேசக் கூடாது. வாயை மட்டும் அசைத்தேன். ஒரே சொல்.

அவள் என் உதட்டையே பார்த்தாள், ஸ்டூடியோவில் திரையைப் பார்ப்பது மாதிரி. "இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவை அசைத்தேன்.

"'ம'வுல மூடுது, 'டு'வுல குவியுது. 'மறந்துடு'வா, 'மன்னிச்சுடு'வா? ரெண்டும் உக்காருது அண்ணி. எது?"

உண்மையைச் சொன்னால், நான் அசைத்தது 'மறந்துடு'தான். அது சுலபம். நடந்தது நடந்துபோச்சு, விட்டுத்தள்ளு என்று பெரியவள் தோரணையில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, "மன்னிச்சுடு" என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம், பேனா நிற்கவில்லை. அதற்குக் கீழே, "எனக்கு உன் மேல ரொம்பப் பொறாமை வசு" என்று எழுதிக் கொடுத்தேன்.

படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள், இரண்டு வரிதான்.

"எனக்கும்தான் அண்ணி" என்றாள். "ஓசூர்ல முதல் பாகம் பாத்தேன். பக்கத்துல அந்த மனுஷன் என்னைத் திட்டிட்டே உக்காந்திருந்தான். திரையில உங்க குரல் வில்லன்களைப் போட்டு வாங்குது. இப்படி ஒரு நாளாவது பேச மாட்டோமான்னு இருந்துச்சு."

பிறகு சமையலறைக்குப் போய், காலையில் வைத்த கஞ்சியைச் சூடு பண்ண ஆரம்பித்தாள்.